கேட்டதைக் கணக்கில் எழுதலாமா?

இந்த ஆண்டு மே மாத விடுமுறை தொடங்கியதும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் ஒரு தாள் ஏறியது. ஆறாம் வகுப்பை முடித்திருந்த என் மகள் ஸ்கேல் வைத்து நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் வீட்டில் இருக்கும் நால்வரின் பெயரையும் எழுதியிருந்தாள். ஒரு மாதத்திற்குள் யார் எத்தனை புத்தகம் படித்து முடிப்பது என்பது போட்டி. விதிகளையும் அவளே வகுத்தாள். நூறு பக்கத்திற்குக் குறைந்தால் அரைப் புத்தகம். ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படித்தால் செல்லாது. பாதியில் விட்டதும் செல்லாது.

இரண்டு வாரம் கழிந்தபோது அவள் கணக்கில் ஒன்பது, என் கணக்கில் நான்கு, என் கணவர் கணக்கில் ஒன்றரை. வகுப்பிற்காக மறுபடி படித்த இரண்டு சிறுகதைத் தொகுப்புகளை அவள் ஈவிரக்கமின்றி அடித்துவிட்டாள். அம்மாவின் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. மூன்று ஆண்டுகளாகக் கண்ணின் நடுப்பார்வை மங்கிவிட்டது. வாசலில் யாரோ நிற்பது தெரியும், முகம் தெரியாது. தாளின் ஓரம் தெரியும், எழுத்துத் தெரியாது.

ஒரு நாள் மாலை மகள் கேட்டாள்: "ஆச்சி, உங்களுக்கு எத்தனை போடட்டும்?"

"எனக்கு முட்டை போட்டிரு ஏட்டி" என்று அம்மா சிரித்தார். சற்று நேரம் கழித்து, முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தபடி, "கண்ணால படிச்சாத்தான் கணக்கா? காதால கேட்டது சேராதா?" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். வீட்டில் தமிழ் படித்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். ஆகவே தீர்ப்பு என் பொறுப்பு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த யோசனையே இக்கட்டுரை.

கேள்வி என்னும் கல்வி

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்து வருவது கேள்வி. இன்று வினா என்ற பொருளிலேயே நாம் பெரிதும் வழங்கும் இச்சொல் அங்கே செவிவழியாகப் பெறும் அறிவைக் குறிக்கிறது. கற்கும் வாய்ப்பு அமையாதவருக்கும் தளர்ந்த வேளையில் கேள்வி துணை நிற்கும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. நம் மரபில் கேட்பது கல்விக்கு வெளியே நின்ற ஒன்றன்று என்பதற்கு அதிகார வைப்பே சான்று.

இந்த மனநிலை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மாறாமல் வந்திருக்கிறது. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நூல்களைப் 'பாடம் கேட்டதாக'வே எழுதுகிறார். ஒருவர் படிக்க, ஆசிரியர் பொருள் சொல்ல, மற்றவர் கேட்பர். அதுவே நூலைக் கற்றல். பிள்ளையவர்கள் புராணங்களை இயற்றிய முறையும் இதற்கு இணையானது. அவர் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். நூல் முடிந்ததும் சபை கூட்டி அரங்கேற்றம் நடக்கும். இன்று அச்சிட்டுக் கடைக்கு அனுப்புவதை வெளியீடு என்கிறோம். அன்று பலர் கேட்கப் படிப்பதே வெளியீடு. ஒரு வேடிக்கையும் உண்டு. செவிவழிக் கல்வியின் இந்த உலகத்தை விவரிக்கும் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாரத்தொடராக வந்து, அவர் மறைந்த 1942ஆம் ஆண்டோடு முற்றுப்பெறாமல் நின்றது. ஏட்டுச்சுவடியின் கதை வாரப் பத்திரிகை வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது.

ஒரு மாதம், ஒரு நூல்

என் மகளின் போட்டியில் எனக்குப் பிடித்தது மாதம் என்ற அளவு. அதுவும் புதியதன்று. மார்கழியில் நாளுக்கு ஒன்றாகத் திருப்பாவையின் முப்பது பாசுரங்களை ஓதும் வீடுகளில் மாதமும் நூலும் ஒன்றாக முடிகின்றன. நம் ஆடிக்கு ஏறக்குறைய இணையான கர்க்கடக மாதத்தில் கேரளத்து வீடுகளில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்து, மாதக் கடைசியில் நிறைவு செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அடைமழைக் காலம், வயல் வேலை குறைவு, விளக்கேற்றி ஒருவர் படிக்க வீடே கேட்கும். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்துப் பொருள் சொல்வர், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். பதினெட்டு நாள், இருபது நாள் என்று ஊர் முழுவதும் ஒரே நூலில் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார்.

இவற்றிலெல்லாம் நாள் உண்டு, அளவு உண்டு, முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. இல்லாதது ஒன்றே: இது யாருடைய கணக்கு என்ற பேச்சு. படித்தவர் ஒருவர், கேட்டவர் ஐம்பதின்மர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முடித்தது ஊர்.

பெரிய எழுத்து

1835இல் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. அச்சு வந்ததும் இந்தக் கூட்டு வாசிப்பு மறைந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். நடந்தது வேறு. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்றவை 'பெரிய எழுத்து' என்ற அடைமொழியுடன் மலிவுப் பதிப்புகளாகப் பெருகின. சென்னையின் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் அவற்றைச் சந்தை, திருவிழாக் கடைகள் வரை கொண்டுசென்றன. தடித்த அச்சு, மங்கிய விளக்கில் எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு உதவியது. அப்படி ஒருவர் இருந்தால் தெருவுக்கே போதும். அச்சு வாசகரைப் பெருக்குமுன் கேட்பவரைப் பெருக்கியது என்று சொல்லலாம்.

எங்கள் ஆச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அம்மாதான் 1960களில் எங்கள் ஊர்த் திண்ணையில் அரிக்கேன் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து நல்லதங்காள் கதையைப் படித்தவர். பீடி சுற்றிக்கொண்டே பெண்கள் கேட்பார்களாம். பிள்ளைகள் ஏழு பேரையும் கிணற்றில் தள்ளும் இடம் வந்தால் அம்மாவால் தாங்க முடியாது. இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடுவார். உடனே ஆச்சியின் குரல் வருமாம்: "ஏட்டி, எங்க தாண்டுத? இன்னும் கடைசிப் பிள்ளை வரலியே."

எழுத்தறியாத ஆச்சிக்கு எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அவரை அந்நூலின் வாசகர் அல்லர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மௌனம் வந்த கதை

1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியாயிற்று. 1893 தொடங்கி பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தை விவேக சிந்தாமணி தொடராக வெளியிட்டது. பாடியும் ஓதியும் பழகிய தமிழ் வாசிப்பு, உரைநடைப் புனைவின் முன் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தொடங்கியது. வாய்விட்டுப் படிப்பதிலிருந்து மனத்துள் படிப்பதற்கு நேர்ந்த இம்மாற்றத்தை ஆ.இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

மாற்றம் அமைதியாக நிகழவில்லை. பெண் நாவல் படித்தால் கெட்டுப்போவாள் என்ற அச்சம் நெடுங்காலம் பேசப்பட்டது. அச்சத்தின் காரணம் எளிது. சத்தமாகப் படிக்கும்போது வீடு முழுவதற்கும் கேட்கும். மௌனமாகப் படிப்பவள் மனத்துள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கேட்டுப் படித்த காலத்தைப் புகழ்ந்துகொண்டே போகும்போது இதை மறக்கக் கூடாது. எதைக் கேட்பது என்பதைப் படிப்பவரே, பெரும்பாலும் ஆண்களே, தீர்மானித்தனர். கோயில் முற்றத்துக்கும் திண்ணைக்கும் வரவே அனுமதி இல்லாத சாதியினருக்கு அந்தக் கூட்டு வாசிப்பில் பங்கே கிடையாது. தன் கையில் ஒரு புத்தகம், தன் விருப்பத்தில் ஒரு பக்கம் என்பது அவர்களுக்கெல்லாம் சிறிய விடுதலையன்று.

இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்பவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். கதை சொல்வதில் தேர்ந்திருந்தும் எழுதப் பழகாத நிலையில் முதல் படைப்பைத் தோழி ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்தார். பிறகு 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தி, பெண்கள் தாமே வாங்கித் தாமே படிக்கும் ஒரு வாசகர் கூட்டத்தை உருவாக்கினார்.

ஆயினும் வீட்டுக்குள் குரல் முற்றிலும் அடங்கிவிடவில்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தபோது ஒரு பிரதியைப் பலர் கைமாற்றிப் படித்தனர். காத்திருக்கப் பொறுக்காத இடங்களில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டனர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18 விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம். பெண்களில் 9 விழுக்காடு கூட இல்லை. எழுத்தறியாதவர்களிலும் கதையை அறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் காதால் படித்தவர்கள்.

எண்ணுதல்

புத்தகங்களை எண்ணும் வழக்கம் நூலகத்தோடு வந்தது. அமெரிக்க நூலகங்கள் கோடை விடுமுறையில் சிறுவரைப் படிக்கவைக்கும் திட்டங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. ஆளுக்கு ஓர் அட்டை, அட்டையில் புத்தகப் பெயர்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் கிடைக்கும் இடத்தில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு சாத்தியம். நம்மிடத்தும் அதற்கான முயற்சிகள் நடந்தன. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. 1991இல் புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள். என் மகள் இன்று இரண்டு வாரத்தில் ஒன்பது புத்தகம் படிக்கிறாள் என்றால் அதன் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. அவளுடைய கணக்குத் தாளை நான் ஏளனம் செய்ய மாட்டேன்.

ஆனால் எண்ணிக்கைக்கு ஒரு குறை உண்டு. தனித்துப் படிப்பதை மட்டுமே அது படிப்பு என்று அறியும். கண் மங்கியவர், எழுத்தறியாதவர், இன்னும் எழுத்துக் கூட்டாத குழந்தை ஆகிய மூவருக்கும் அது முட்டையே போடும்.

வீட்டில் நடந்தது

தீர்ப்பை நான் சொல்லவில்லை. பரணிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை மட்டும் இறக்கினேன். 'பொன்னியின் செல்வன்' கல்கியில் மீண்டும் தொடராக வந்த காலத்தில் அம்மா வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. நூல் இற்றிருந்தது, ஓரமெல்லாம் பழுப்பு. இரவுச் சாப்பாட்டிற்குப் பின் மகள் படிப்பதாக ஏற்பாடு. என் கணவர் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்.

முதல் நாளே வழக்கு வந்தது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான். வருணனை நீளமாக இருந்ததால் மகள் ஒரு பத்தியைச் சத்தமில்லாமல் தாண்டினாள்.

"ஏட்டி, ஏரி மதகை எங்க விட்ட?" என்றார் அம்மா.

மகள் திடுக்கிட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு ஆச்சியின் கண்களைப் பார்த்தாள். திரும்பிப்போய் அந்தப் பத்தியைப் படித்தாள். என் ஆச்சியின் குரலை நான் திண்ணையில் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன்.

மே 31 அன்று முதல் பாகமான 'புது வெள்ளம்' முடியவில்லை. சில அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. அவளுடைய விதிப்படி பாதியில் நின்றது செல்லாது. அதோடு புதிய சிக்கல் ஒன்றும் முளைத்தது: ஒரே புத்தகத்தை நான்கு பேர் கேட்டால் அது ஒன்றா, நான்கா? வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நான்கு கட்டங்களுக்கும் பொதுவாக, தாளின் அடியில் ஒரு நீளக் கோடு இழுத்து, 'புது வெள்ளம் – கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதினாள்.

ஜூனில் பள்ளி திறந்துவிட்டது. தாளை இன்னும் எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் யார் யாருக்குப் படித்துக் காட்டினார்கள், எந்தப் பக்கத்தைத் தாண்டினார்கள் என்பதை நண்பர்கள் எழுதினால் மகிழ்வேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.