பார்வையளவைக் கல்வியும் தாய்மொழியும்

கண்ணின் பார்வைக் குறையை அளந்தறிந்து, அதற்கேற்ற மூக்குக்கண்ணாடியை வகுத்தளிக்கும் துறை பார்வையளவையியல் ஆகும். மேலைநாட்டார் ஒப்ரோமெற்றி என வழங்கும் இத்துறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே உறுதியான அறிவியல் அடிப்படை பெற்றது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை அமைத்தார். 1862இல் ஸ்நெலன் எழுத்துப் பலகையை வெளியிட்டார். உத்திரெக்ட் நகரில் அவருடன் பணியாற்றிய டொண்டேர்ஸ், கண்ணில் ஒளி முறிவடையும் முறைபற்றி இயற்றிய பெருநூல் 1864இல் இலண்டனில் வெளிவந்தது.

அதே 1864இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மற்றொரு முயற்சி தொடங்கிற்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அதுவரை ஆங்கிலத்தில் நடத்திய மருத்துவ வகுப்பைத் தமிழில் நடத்தத் தலைப்பட்டார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் நாடி அகல்வர். தமிழிற் பயின்றோரே தம் ஊர்களில் தங்கித் தொண்டாற்றுவர் என்பது அவர் துணிபு. இதன்பொருட்டு அவரும் அவர்தம் மாணாக்கரும் நூல்களை மொழிபெயர்த்தனர். துருவித் என்பாரின் அறுவை மருத்துவ நூல் ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் 1867இல் தமிழில் வந்தது. கண்ணோய்களும் அம்மூல நூலில் இடம்பெற்றிருந்தன. 1873இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோரை மருத்துவராக்கினார். அவர்களுட் பாதியளவினர் தமிழிற் பயின்றவராவர்.

கிறீனின் கொள்கை பிற துறைகளினும் பார்வையளவையியலுக்கே மிகப் பொருந்துவதாகும். கருவி குறையை ஓரளவே காட்டும். வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, “முன்னையது தெளிவா, பின்னையது தெளிவா?” என வினவி, நோயாளி கூறும் விடைகொண்டே இறுதி அளவு துணியப்படும். எனவே இங்கு நோயாளியின் சொல்லே அளவைக்குச் சான்றாகின்றது. அச்சொல்லின் நுட்பம் விளங்காதவிடத்துக் கண்ணாடியும் பிழைபடும்.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறை தனித்தொழிலாய் வளர்ந்தது. 1901இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் இதற்கெனச் சட்டம் இயற்றிற்று. 1910இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் பாடநெறி தொடங்கிற்று. சென்னையில் சங்கர நேத்திராலயா 1985இல் நிறுவிய எலைற் கல்லூரி நான்காண்டுப் பட்டப்படிப்பை நடத்தலாயிற்று. பௌதிகவியலில் ஒளியியலும், உயிரியலிற் கண்ணின் அமைப்பும் இக்கல்விக்கு அடிப்படையாவன. அவற்றின்மேல் நோயாளிகளிடையே பெறும் பயிற்சி அமைகின்றது.

இவ்வரலாறு பூநகரி போன்ற ஊர்களுக்கு உணர்த்துவது யாது? மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்பெற்ற இவ்வூரார், கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் செல்ல நெடுங்காலம் சங்குப்பிட்டிப் படகுத்துறையையே நம்பியிருந்தனர். 2011 ஜனவரியிலேயே அங்குப் பாலம் திறக்கப்பட்டது. நாற்பது வயது கடந்தபின் வரும் வெள்ளெழுத்தினால் வலையின் கண்ணைக் காணமாட்டாத மீனவனுக்கும், கரும்பலகை தெளியாத மாணவனுக்கும் வேண்டுவது பெரும் அறுவைச் சிகிச்சையன்று. முறையாக அளந்த ஒரு கண்ணாடியே. பாலம் வழியைக் குறுக்கிற்று. ஆயினும் அளக்க வல்லார் ஊரில் தங்கினாலன்றிப் பயன் நிறைவுறாது.

அத்தகையோரை ஆக்குவதற்கு இரண்டு வேண்டும்: உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் வன்னி மாணாக்கர்க்கு இத்துறையை அறிமுகப்படுத்தலும், துறைநூல்களைத் தமிழில் ஆக்கலும். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் முன்னரே, அச்சுவசதி அருகிய சூழலில், கிறீனும் அவர் மாணாக்கரும் இதனை ஆற்றிக் காட்டினர். அவர்கள் தொடங்கிய பணியைக் கண்ணொளித் துறையில் நிறைவேற்றுதல் பல்கலைக்கழகத் தமிழரின் கடனாகும்.