ஈட்டன் பேட்ஸ் வழக்கு: 46 வருஷம், இரண்டு சந்தேக நபர்கள், ஜூரி கேட்ட ஒரு கேள்வி

இந்த எபிசோடில் நாம பேசப்போற வழக்கு 1979-ல் நியூயார்க்கில் ஆரம்பிச்சது. 6 வயசுப் பையன் ஒருத்தன் ஸ்கூல் பஸ் ஏறுவதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினான். திரும்பி வரவே இல்லை. 38 வருஷம் கழித்து, 2017-ல், ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. அமெரிக்காவே ஒரு பெருமூச்சு விட்டது, அப்பாடா முடிஞ்சுதுன்னு. ஆனால் 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்துவிட்டது. புது சாட்சி யாரும் வரலை. டிஎன்ஏ எதுவும் கிடைக்கலை. ஜூரி கேட்ட ஒரு கேள்விக்கு நீதிபதி "இல்லை" என்று பதில் சொன்னார். அந்தப் பதில் தப்பு. அதுதான் காரணம்.

ஒரு குழந்தையோட கொலை வழக்கு இப்படி ஒரு வார்த்தையில் கவிழ்ந்தா, கேட்கிறவங்களுக்குக் கோபம் வரும், அது நியாயம்தான். ஆனா முழுக் கதையையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றிய பேச்சு இதில் வரும், அதையும் முன்னாடியே சொல்லிடறேன்.

இரண்டு தெரு தூரம்

1979 மே 25, வெள்ளிக்கிழமை. மன்ஹாட்டனில் சோஹோ பகுதி, பிரின்ஸ் தெரு. இன்னைக்கு சோஹோன்னா விலை உயர்ந்த கடைகள்தான் ஞாபகத்துக்கு வரும். அப்போது அது பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் குறைந்த வாடகைக்குக் குடியிருந்த இடம். ஈட்டன் பேட்ஸின் அப்பா ஸ்டான் பேட்ஸும் ஒரு புகைப்படக்காரர்தான்.

பஸ் நிறுத்தம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தனியாக நடந்து போகிறேன் என்று ஈட்டன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மா ஜூலி சம்மதித்தார். கையில் ஒரு டாலர், வழியில் கடையில் சோடா வாங்கிக்கொள்ள. தலையில் கறுப்புத் தொப்பி, நீல நிற ஜாக்கெட், யானைப் படம் போட்ட பை.

பஸ்ஸில் அவன் ஏறவில்லை. அன்று அவன் வகுப்புக்கு வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தும் வீட்டுக்குத் தகவல் வரவில்லை. மாலை பள்ளி விட்டும் அவன் வராதபோதுதான் அம்மாவுக்குத் தெரிகிறது, பையன் காலையிலிருந்தே காணோம்னு. தேடலுக்கு மிக முக்கியமான முதல் சில மணி நேரம் அதற்குள் போய்விட்டது. அன்று இரவே சுமார் 100 போலீஸ்காரர்கள் மோப்ப நாய்களுடன் தேடினார்கள். ஒரு துணுக்குகூடக் கிடைக்கவில்லை. அந்தத் தொப்பி, அந்தப் பை எதுவுமே கடைசி வரை கிடைக்கலை. பின்னால் நடந்த எல்லாத்துக்கும் இதுதான் வேர்.

பால் பெட்டியில் ஒரு முகம்

அப்பா புகைப்படக்காரர் என்பதால் ஈட்டனின் அழகான படங்கள் நிறைய இருந்தன. சிரிக்கும் கண்கள், நெற்றியில் விழும் முடி. அந்தப் படங்கள் போஸ்டர்களாக நகரம் முழுக்க ஒட்டப்பட்டன. 80-களின் நடுவில் அமெரிக்காவில் பால் விற்கும் அட்டைப்பெட்டிகளில் காணாமல் போன குழந்தைகளின் படங்களை அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அப்படி வந்த முதல் சில முகங்களில் ஈட்டனும் ஒருவன். காலையில் டிபன் சாப்பிட உட்கார்ந்த ஒவ்வொரு அமெரிக்கக் குழந்தையும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது.

சட்டமும் மாறியது. 1982-ல் வந்த ஒரு சட்டத்தால் காணாமல் போன குழந்தைகளின் விவரங்களை எஃப்பிஐ-யின் தேசிய கணினிப் பதிவில் சேர்க்க முடிந்தது. 1983-ல் அதிபர் ரீகன், ஈட்டன் காணாமல் போன மே 25-ஐ காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய தினமாக அறிவித்தார். பின்னாளில் வேறு பல நாடுகளும் அதே தேதியை எடுத்துக்கொண்டன. 1984-ல் காணாமல் போன குழந்தைகளுக்காகவே ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டது.

இவ்வளவு மாற்றத்துக்குக் காரணமான பையனுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. பெற்றோர் பல பத்தாண்டுகள் அதே வீட்டில், அதே தொலைபேசி எண்ணோடு இருந்தார்கள். ஒருவேளை அவன் கூப்பிட்டால்?

முதல் சந்தேக நபர்

80-களில் ஒரு பெயர் அடிபட ஆரம்பித்தது: ஹோசே ராமோஸ். ஈட்டனை சில நாட்கள் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்தவர். வேறு சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக பென்சில்வேனியாவில் சிறைக்குப் போனவர். மத்திய அரசு வழக்கறிஞர் ஸ்டூவர்ட் கிராபோய் அவரை விசாரித்தபோது, அன்றைக்கு ஒரு சிறுவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனதாகவும், அது ஈட்டன்தான் என்று 90 சதவீதம் நிச்சயம் என்றும் ராமோஸ் சொன்னதாக கிராபோய் தெரிவித்தார். ஆனால் கொன்றதாக ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. கிரிமினல் வழக்கு போடுகிற அளவுக்கு ஆதாரமும் இல்லை.

பெற்றோர் சிவில் வழக்குப் போட முடிவு செய்தார்கள். அதற்கு முதலில் பையன் இறந்துவிட்டான் என்று சட்டப்படி அறிவிக்க வேண்டும். 2001-ல் அதையும் செய்தார்கள். 2004-ல் ஈட்டனின் மரணத்துக்கு ராமோஸ் பொறுப்பு என்று சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்டான் பேட்ஸ் ஒவ்வொரு வருஷமும் இரண்டு முறை, மகனின் பிறந்தநாளிலும் அவன் காணாமல் போன நாளிலும், பழைய போஸ்டர் ஒன்றை ராமோஸுக்குச் சிறைக்கு அனுப்பினார். பின்பக்கம் ஒரே ஒரு கேள்வி, என் பையனை என்ன செய்தாய் என்று.

ஒரு அப்பா இத்தனை வருஷம் முழுசா நம்பின ஆள் இவர். இதை மனசில் வெச்சுக்கோங்க.

பதிவாகாத 7 மணி நேரம்

2012 ஏப்ரலில் எஃப்பிஐ-யும் நியூயார்க் போலீசும் பிரின்ஸ் தெருவில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தைத் தோண்டினார்கள். அங்கே எதுவும் கிடைக்கலை. ஆனால் அந்தச் செய்தியை டிவியில் பார்த்த ஒருவர் போலீசைக் கூப்பிட்டார். என் உறவினர் ஒருத்தர் முன்பு ஒரு குழந்தையைக் கொன்றதாகப் பேசியிருக்கிறார் என்றார்.

அந்த உறவினர் பெட்ரோ ஹெர்னாண்டஸ். 1979-ல் அவருக்கு 18 வயது. ஈட்டன் ஏற வேண்டிய பஸ் நிறுத்தத்தின் அருகே இருந்த மளிகைக்கடையில் வேலை. 2012 மே மாதம் நியூஜெர்சியில் போலீஸ் அவரை அழைத்துப் போய் விசாரித்தது. சுமார் 7 மணி நேரம். அந்த நேரம் எதுவும் வீடியோவில் பதிவாகவில்லை. அமைதியாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்ற எச்சரிக்கையும் சொல்லப்படவில்லை. அந்த 7 மணி நேரத்தின் முடிவில் அவர் ஒப்புக்கொண்டார்: சோடா தருவதாகச் சொல்லி அழைத்தேன், அடித்தளத்தில் கழுத்தை நெரித்தேன், பெட்டியில் வைத்துக் குப்பையோடு போட்டேன்.

அதற்குப் பிறகுதான் எச்சரிக்கையை வாசித்தார்கள், கேமராவை ஆன் பண்ணினார்கள், அதே கதையை மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுநாள் அரசு வழக்கறிஞர் ஒருவரிடமும் சொன்னார். ஈட்டன் காணாமல் போய் சரியாக 33 வருஷம் கழித்து, மே 25 அன்று, கொலை வழக்கு பதிவானது.

வழக்கில் இரண்டு பக்கமும் பலமான வாதம் இருந்தது. அரசுத் தரப்பு சொன்னது: இவர் போலீஸிடம் மட்டும் சொல்லவில்லை, 80-களிலேயே பிரார்த்தனைக் குழுவில் இருந்தவர்களிடமும் வேண்டியவர்களிடமும் நியூயார்க்கில் ஒரு குழந்தையைக் கொன்றேன் என்று சொல்லியிருக்கிறார். எதிர்த்தரப்பு சொன்னது: அந்தக் கதைகள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி இருக்கின்றன, இவருடைய அறிவுத்திறன் அளவு மிகக் குறைவு, கற்பனையையும் நிஜத்தையும் பிரித்துப் பார்க்க முடியாத மனநலக் கோளாறு உள்ளவர், உடலோ, ரத்தமோ, கைரேகையோ ஒன்றும் கிடையாது, நீங்கள் தேட வேண்டிய ஆள் ராமோஸ்.

2015-ல் முதல் விசாரணை. ஜூரி 18 நாள் விவாதித்தது. 11 பேர் குற்றவாளி என்றார்கள், ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் விசாரணை செல்லாமல் போனது. அதற்குள் பெற்றோர் மனதளவில் மாறியிருந்தார்கள். ஹெர்னாண்டஸ்தான் கொலையாளி என்று நம்பினார்கள். 2016-ல் ராமோஸுக்கு எதிரான சிவில் தீர்ப்பை நீக்கச் சொல்லி அவர்களே கேட்டார்கள், அது நீக்கப்பட்டது. 2017 பிப்ரவரி 14 அன்று இரண்டாவது ஜூரி, கடத்தலுக்கும் கொலைக்கும் ஹெர்னாண்டஸ் குற்றவாளி என்றது. குறைந்தது 25 வருஷம், அதிகபட்சம் ஆயுள் முழுவதும் சிறை.

அந்த ஒரு கேள்வி

இரண்டாவது ஜூரி விவாதத்தின் நடுவே நீதிபதிக்கு ஒரு சீட்டு அனுப்பியது. எச்சரிக்கைக்கு முன் கொடுத்த முதல் வாக்குமூலம் தானாக மனமுவந்து கொடுத்ததில்லை என்று நாங்கள் முடிவு செய்தால், பிறகு வீடியோவில் கொடுத்ததையும் ஒதுக்க வேண்டுமா? கேள்வியின் சாரம் இதுதான். நீதிபதி விளக்கம் எதுவும் கொடுக்காமல் "இல்லை" என்று சொல்லிவிட்டார்.

இது ஏன் பெரிய விஷயம்? இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. அமெரிக்காவில் முடியும். அதனால்தான் 1966-ல் மிராண்டா வழக்கில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆனால் சில இடங்களில் போலீஸ் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. முதலில் எச்சரிக்கை சொல்லாமல் விசாரித்து ஒப்புக்கொள்ள வைப்பது, பிறகு எச்சரிக்கையைச் சொல்லி அதையே திரும்பச் சொல்ல வைப்பது. ஒருமுறை வாயைத் திறந்தவன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைப்பான். 2004-ல் சீபர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு கட்ட உத்தி செல்லாது என்றது.

அப்போ ஜூரி கேட்டது சாதாரண சந்தேகம் கிடையாது. சட்டம் தெரியாத 12 பேர், சட்டத்தின் சரியான நரம்பைத் தொட்டிருக்காங்க. வீடியோ வாக்குமூலமும் கறைபட்டதாக இருக்கலாம், அதை நீங்கள் எடைபோட வேண்டும் என்று அவர்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். 2025 ஜூலை 21 அன்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: பதில் தெளிவாகத் தவறு, வாக்குமூலத்தையே நம்பி நிற்கும் வழக்கில் அது முடிவையே மாற்றக்கூடியது. மறு விசாரணை நடத்துங்கள், இல்லையென்றால் விடுதலை செய்யுங்கள். 2025 நவம்பரில் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம், மறுபடி விசாரணைக்குப் போகிறோம் என்று அறிவித்தது. அப்போது ஹெர்னாண்டஸுக்கு 64 வயது.

எனக்குத் தோன்றுவது

"ஒரு டெக்னிக்கல் தப்பால் கொலைகாரன் தப்பிக்கிறான்" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெட்ரோ ஹெர்னாண்டஸ்தான் கொன்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போ அந்த 7 மணி நேரத்தை ஒழுங்காக நடத்தாததுதான் அவரைக் காப்பாற்றும் ஆயுதமாக மாறியிருக்கு. அவர் கொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போ ஒரு நோயாளி 13 வருஷம் உள்ளே இருந்திருக்கார், உண்மையில் செய்தவன் மேல் வழக்கே இல்லை. எப்படிப் பார்த்தாலும் விலை கொடுப்பது அந்த அம்மாவும் அப்பாவும்தான்.

அவர்கள் முதலில் ஒருவரை நம்பினார்கள், பிறகு வேறொருவரை நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. இத்தனை வருஷம் தவிச்சவங்களுக்கு ஒரு பதில் வேணும். ஆனால் அந்தப் பதில் நிஜமானதான்னு பார்க்க வேண்டிய பாரத்தை அவங்க தோளில் போடக்கூடாது. அது போலீஸின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. நியூயார்க் மாநிலத்தில் 2018 ஏப்ரல் முதல் கடுமையான குற்றங்களில் காவலில் இருப்பவரை விசாரிப்பதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் அமலில் இருக்கிறது. 2012-ல் அந்த அறையில் முதல் நிமிஷத்திலிருந்தே கேமரா ஓடியிருந்தால், அவர் எப்படி ஒப்புக்கொண்டார், வார்த்தைகள் யாருடையவை என்று ஜூரி கண்ணால் பார்த்தே முடிவு செய்திருக்கும். அந்தச் சீட்டை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஈட்டன் பிறந்தது 1972 அக்டோபர் 9. இருந்திருந்தால் இன்னைக்கு 50 வயசைத் தாண்டியிருப்பான். அடுத்த விசாரணையில் புதிய ஜூரி ஒன்று உட்காரும்போதும் மேஜை மேல் இருக்கப்போவது அதே வாக்குமூலம்தான். அதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு, இந்த முறையாவது அவங்களுக்கு முழுசான பதில் கிடைக்கணும்.