சிரித்துக் கற்ற மொழி

வட ஆற்காட்டுச் சீமையில் ஆங்கிலம் வேரூன்றிய வரலாற்றை எழுத முற்படுவோர், 1853-இல் ஸ்கடர் குடும்பத்தினர் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனையும், 1898 முதல் கல்லூரியாக விளங்கும் வேலூர் ஊரிசையும், 1919-இல் வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரியையும் முன்னிறுத்திப் பேசுவது வழக்கம். அந்நிறுவனங்களின் தொண்டு மகத்தானது. எனினும் பாடப் புத்தகத்தின் வாயிலாக வந்த ஆங்கிலம் சிலருக்கு உத்தியோகம் தந்து நின்றுவிட்டது. பொதுஜனங்களின் நாவில் ஏறிய ஆங்கிலமோ, பள்ளிக்கூடத்து வாசலை மிதியாமல், தோலோடும் துறைமுகத்தோடும் வேறொரு பாதையில் வந்து சேர்ந்தது.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னைப் பெரியமேடு வழியாக லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. 1970-களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு வரம்பு கட்டிய பிறகு, ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழில் படிப்படியாக வளர்ந்தது. கிராமத்துப் பெண்கள் விடியலில் வேனேறி ஷூ கம்பெனிக்குச் செல்வது இவ்வட்டாரத்தின் நித்தியக் காட்சியாயிற்று. தோலின் ஓரத்தை மெல்லியதாகச் சீவி, மடித்துத் தைப்பதற்குப் பதமாக்கும் வேலையை அவர்கள் ‘ஸ்கைவிங்’ என்பார்கள். அச்சொல்லை எந்த ஆசிரியரும் அவர்களுக்கு விளக்கியதில்லை. கத்திமுனையில் தோல் எவ்வளவு மெலிந்தால் போதும், எவ்வளவு மெலிந்தால் கிழியும் என்று விரல் அறிந்திருந்தது. அந்த அறிவின்மேல் சொல் வந்து தானே ஒட்டிக்கொண்டது. கிளிக்கிங், லாஸ்டிங், அப்பர், ஷிப்மென்ட் எல்லாம் அவ்வாறு வந்தவையே. காரியம் முந்தி, சொல் பிந்தி என்னும் இம்முறையே மொழி கற்பதில் இயற்கையானது என்பது என் துணிபு.

ஆனால் தொழிற்சாலை தந்தது பெயர்ச்சொற்களையே, சம்பாஷணையைத் தரவில்லை. கொள்முதலுக்கு வரும் வெளிநாட்டுப் ‘பையர்’ தையல் வரிசையினூடே நடந்து வரும்போது, தான் தைக்கும் காலணியைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்த பெண் தலை குனிந்துகொண்டாள் என்றால், அதற்குக் காரணம் அறியாமையன்று, கூச்சம். முப்பது நாளில் ஆங்கிலம் கற்பிப்பதாகக் கூறிப் பேருந்து நிலையங்களில் விற்ற புத்தகங்கள் அக்கூச்சத்தைப் போக்கவில்லை; அவற்றின் வாக்கியங்கள் யாரோ ஒருவருடைய வாழ்க்கையைப் பேசின. நம் ஹாஸ்யமும் இதில் உதவவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 1941-இல் ஏ.வி. மெய்யப்பன் வெளியிட்ட ‘சபாபதி’யில், பரீட்சையில் தேறாத ஜமீன்தார் மகனாக டி.ஆர். ராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என். ரத்னமும் நடித்ததைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆயினும் அந்தச் சிரிப்பு அறியாதவனை நோக்கிய சிரிப்பு. பிற்காலத் திரைப்படங்களிலும் தப்பும் தவறுமாய் ஆங்கிலம் பேசுகிறவனே பரிகாசப் பொருளானான். அரங்கில் சிரித்தவர்கள், தம் வாய் திறந்தால் தமக்கும் அதே கதிதான் என்று உள்ளூர அஞ்சினார்கள்.

2020-ஆம் ஆண்டு இந்நிலையை எதிர்பாராத விதமாக மாற்றியது. வேலூரிலிருந்து பிரிந்து இராணிப்பேட்டை மாவட்டம் உதயமாகி நான்கு மாதம்கூட நிறையாத அந்த மார்ச்சில், 24-ஆம் தேதி மாலை, கொரோனாப் பரவலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தடையுத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அம்மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றங்கரையிலுள்ள நெமிலியும் அடங்கிற்று, வேன்கள் வரவில்லை. அக்காலத்தின் துயரம் சிறியதன்று. கூலி நின்ற வீடுகளின் கஷ்டத்தை இக்கட்டுரையில் அடக்கவும் இயலாது. அந்த அச்சத்தின் நடுவே கைப்பேசிகளில் ஹாஸ்யக் காட்சிகள் பெருகின. முகக்கவசமின்றித் திரிந்த இளைஞர்களை ஆம்புலன்சில் ஏற்றி, நோயாளி வேஷமிட்டவர் அருகே உட்காரவைத்துத் திருப்பூர் மாவட்டக் காவல்துறை ஏப்ரலில் எடுத்த காட்சியைப் பார்க்காத தெரு இல்லை எனலாம். கூடவே கடல் கடந்த காட்சிகளும் வந்தன. இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஊரில் மார்ஷ் குடும்பத்தினர், புகழ்பெற்ற இசை நாடகப் பாட்டொன்றின் மெட்டில் தம் வீட்டுச் சிறைவாசத்தைப் பாடினார்கள். கனடாவின் ஜூலி நோல்கி, ஏப்ரல் மாதத்துத் தான் ஜனவரி மாதத்துத் தன்னைச் சந்திப்பதாக ஒரு காட்சி நடித்தார்: ஒருத்தி வருங்காலத்தைப் பற்றி ஆவலோடு கேட்கிறாள்; மற்றவளோ எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தவிக்கிறாள். முக்காலமும், ‘இப்படிச் செய்திருக்கலாம்’ என்னும் அங்கலாய்ப்பும் அச்சில நிமிஷங்களில் அடங்குவதைக் கண்டு, இலக்கணம் கற்பிக்க இதனினும் உகந்த உரையாடல் கிடைப்பது அரிதென்று நான் வியந்ததுண்டு.

கடல் கடந்து வந்த இக்காட்சிகளில் ஒரு விசேஷம் இருந்தது. நெமிலியில் கற்பவரும் கனடாவில் நடிப்பவரும் முதன்முறையாக ஒரே அவஸ்தையில் இருந்தார்கள். கை கழுவிக் கழுவித் தோல் உரிவதும், முடி வெட்ட ஆளின்றித் தவிப்பதும், இன்று என்ன கிழமை என்று மறப்பதும் கேட்பவரின் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தன, அகராதி தேவைப்படவில்லை. ஸ்கைவிங் கற்ற முறையே இங்கும் நிகழ்ந்தது. இம்முறை பெயர்ச்சொல்லுக்குப் பதில் முழு வாக்கியங்கள் வந்தன. யாரும் யாரையும் பார்த்து நகைக்கவில்லை. எல்லாரும் தம் நிலையைப் பார்த்தே நகைத்தார்கள்.

அந்நாட்களில், ஷூ கம்பெனித் தையல் வேலைக்குச் செல்லும் பெண்மணி ஒருவர், மகளின் கைப்பேசியைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்து, இணையவழிக் கூட்டத்தில் குரல் கேளாமல் ஒருவர் கத்தும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு தபா போடு கண்ணு” என்று கேட்டு, அதே ஏற்ற இறக்கத்தோடு, “கேன் யூ ஹியர் மீ?” என்று கொல்லையிலிருந்த கணவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவரும் தயங்காமல், “நோ, நோ!” என்றார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்து வருஷம் பையர்முன் மௌனமாய் நின்ற பெண்மணி அவர்.

கல்வித் தொலைக்காட்சி அந்த ஜூலையிலிருந்து பாடங்களை ஒளிபரப்பியது. பெரும் உதவி அது. ஆயினும் ஆங்கிலப் பாட நேரத்தில் இத்தகைய இருவர் உரையாடல் ஒன்றை நடித்துக் காட்டி, பிள்ளைகளையும் நடிக்கச் செய்திருந்தால் பயன் பன்மடங்காயிருக்கும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைப்பேசியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்காட்சிகளைப் பார்க்கும் வாய்ப்பும் கிட்டவில்லை. உரையாடலை நடித்துக் கற்பதைப் பள்ளியிலேயே செய்ய வேண்டியதாக நான் கருதுவது அதனால்தான்.

2024 டிசம்பரில், நெமிலிக்கு அருகே பனப்பாக்கம் சிப்காட்டில் தைவான் நாட்டு நிறுவனமொன்றின் பெரிய காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தைவானிலிருந்து வருகிறவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று, கற்ற மொழியே. அன்று குடத்தருகே சிரித்த மகளின் வயதுப் பெண்கள் அவர்களுடன் பேசப்போவது அந்த மொழியில்தான்.