ஜுஹு மையவாடியில் ஒரு நாவலாசிரியர்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டினர் நம் முன்னோர். மாண்ட மன்னனுக்குப் பள்ளிப்படைக் கோயில் எடுத்ததும் உண்டு. எழுதுகோல் ஏந்தியவனுக்கு எத்தகைய நினைவுச்சின்னம் பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை காண மும்பைத் தமிழர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

தாராவியை அடுத்த மாஹிம் நிலையத்தில் மேற்கு இருப்புப்பாதை வண்டி ஏறினால், பாந்திரா, கார் ஆகிய நிலையங்களைக் கடந்து சாந்தாகுரூஸ் வரும். அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகச் சென்றால், ஜுஹுப் பகுதியில் முஸ்லிம்களின் மையவாடி ஒன்று உள்ளது. 1987-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாள் காலமான நாவலாசிரியர் க்வாஜா அகமது அப்பாஸ் இங்குதான் நல்லடக்கம் செய்யப்பெற்றார். அவ்விடத்துக்கு நேயர்களை இன்று மனத்தளவில் அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அப்பாஸ் 1914-இல் பானிபட்டில் பிறந்தவர். உருதுப் பெருங்கவிஞர் ஹாலியின் வழித்தோன்றல். அலிகாரில் கல்வி பயின்று, 1935-இல் பம்பாய்க்கு வந்து 'பம்பாய் கிரானிக்கிள்' நாளிதழில் பணி ஏற்றார். 'கடைசிப் பக்கம்' என்ற தலைப்பில் அவர் எழுதிய பத்தி, பின்னர் 'பிளிட்ஸ்' வார இதழுக்கு மாறி, அவர் மறையும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு வெளிவந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தைக் களமாகக் கொண்ட 'இன்குலாப்' என்னும் நாவல் 1955-இல் வெளியாயிற்று. ஆங்கிலம், உருது, இந்தி ஆகிய மொழிகளில் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை அவர் இயற்றினார்.

நூல்களைப் படியாதவரும் அவருடைய கதைகளை அறிவர். 1948-இல் ராஜ் கபூர் நிறுவி, செம்பூரில் அமைந்த ஆர். கே. படநிலையத்தின் புகழ்பெற்ற படங்களான 'ஆவாரா' (1951), 'ஸ்ரீ 420' (1955) ஆகியவற்றின் கதையாசிரியர்களுள் ஒருவர் அப்பாஸே. பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு வந்து, நடைபாதையில் படுத்துறங்கும் எளியோருடன் சேர்ந்துவிடும் இளைஞன் ஒருவனே 'ஸ்ரீ 420' படத்தின் நாயகன். திருநெல்வேலிச் சீமையினின்று வந்து தாராவியில் குடியேறிய நம்மவர் எத்தனை பேருக்கு அது தம் கதையாகவே தோன்றியிருக்கும்!

அவரே இயக்கி, 1963-இல் எடுத்து முடித்த 'ஷஹர் அவுர் சப்னா' என்னும் படத்தை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். வீடு கிடைக்காத ஓர் ஏழைத் தம்பதியர், கிடந்த பெருங்குழாய் ஒன்றையே இல்லமாக்கிக் கொள்வதை அது காட்டிற்று. அதற்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் கிடைத்தது. அடுத்து டில்லி, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே நிறுத்திக் குறும்படம் ஒன்று எடுத்தார். தணிக்கையாளர் குறுக்கிடவே, உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடினார். முன்தணிக்கை சட்டப்படி செல்லும் என்று 1970-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், அதற்குத் தெளிவான வரையறைகள் தேவை என்பதையும் வலியுறுத்திற்று.

இருக்க இடமில்லாதவரைப் பற்றி இவ்வாறு வாழ்நாள் முழுதும் எழுதியவர் துயிலும் மையவாடிக்கு மீண்டும் வருவோம். இங்கே மதுபாலா, முகம்மது ரஃபி, சாகிர் லூதியான்வி முதலிய பலரும் அடக்கம் செய்யப்பெற்றனர். ஆனால் 2010-ஆம் ஆண்டளவில், புதிதாக வருவோருக்கு இடம் வேண்டி, இம்மூவர் அடக்கவிடங்களின் மேலிருந்த கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. ரஃபியைத் தேடி வரும் அன்பர்கள், அருகிலுள்ள தென்னை மரத்தை அடையாளமாகக் கொள்வாராயினர்.

இதனை அவமதிப்பு என்று அவசரப்பட்டுக் கூறிவிடல் ஆகாது. மண்ணில் அடங்கியவருக்கு மேலே மாடம் எழுப்பாமை இஸ்லாமிய மரபில் உயர்வாகக் கருதப்படுகிறது. காலம் கழிந்தபின் அதே நிலத்தில் மற்றொருவரை அடக்குவதும் நெடுநாள் வழக்கமே. மும்பையோ மூன்று புறமும் நீர் சூழ்ந்த நகரம். உயிரோடிருப்பவருக்கே நிலம் போதாத ஊர். ஆயினும், பெற்ற தாயின் மீஸான் கல்லைத் தேடி வந்து காணாமல் திரும்பும் மகனின் துயரத்தை எந்த நியாயமும் ஆற்றிவிடாது. குழாயில் குடியிருந்த தம்பதியரைப் போலவே, இறந்தவரும் இங்கே இரவல் இடத்தில்தான் தங்குகின்றனர்.

அப்பாஸின் சமகாலத்தவரும் உருது நாவலாசிரியருமான இஸ்மத் சுக்தாய் வேறு வழியை மேற்கொண்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவரது உடல், 1991 அக்டோபரில், அவர் விருப்பப்படியே மும்பை சந்தன்வாடி மயானத்தில் எரியூட்டப்பட்டது. அவருக்குத் தேடிச் செல்லத்தக்க ஓர் அடக்கவிடமே இல்லை. செம்பூர்ப் படநிலையமும் 2017-இல் தீக்கிரையாகிப் பின்னர் விற்கப்பட்டது. கல்லும் கட்டடமும் இந்நகரில் நிலைப்பதில்லை.

இதனை அப்பாஸ் முன்னரே உணர்ந்திருந்தார் போலும். தம்மைக் காண விரும்புவோர் தம் நூல்களில் வந்து காணலாம் என்னும் கருத்தை அவர் தம் இறுதி விருப்பமாக எழுதிவைத்துச் சென்றார். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே. வீரனின் நடுகல்லைக் காக்க ஊர் வேண்டும். எழுத்தாளனின் நடுகல்லைக் காக்க வாசகன் ஒருவன் போதும். ஆனால் அந்த ஒருவன் இல்லையேல், பளிங்கு மாடம் எழுப்பினும் பயனில்லை.

வாய்ப்புள்ள அன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் ஜுஹு சென்று வருக. செல்லுமுன் அவர் நூல்களுள் ஒன்றையேனும் தேடிப் படித்துவிட்டுச் செல்க. அவ்வாறு செல்பவர், அங்கே கல்லைக் காணாவிடினும் வெறுமையோடு திரும்பமாட்டார்.