போன பூட்டும் போகாத பெயரும்

போன மாதம் என் ரூம்மேட் பழைய புத்தகக் கடையிலிருந்து லினக்ஸ் டிரைவர் எழுதுவது பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை வாங்கி வந்தான். அதில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் தட்டினான். கம்பைல் ஆகவில்லை. 'லாக் கெர்னல்' என்றொரு ஃபங்ஷனே கிடையாது என்றது கம்ப்யூட்டர். உண்டு என்றது புத்தகம். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். பி.காம் படிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், கதை சுவாரசியமாக இருந்தது, தேடிப் படித்தேன்.

1996 ஜூனில் வந்த லினக்ஸ் 2.0-தான் ஒன்றுக்கு மேற்பட்ட பிராசஸர்களை முதலில் ஆதரித்த நிலையான பதிப்பு. இரண்டு பிராசஸர்கள் ஒரே நேரத்தில் கெர்னலுக்குள் புகுந்து ஒரே தகவலை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். எனவே கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு போட்டார்கள். அதன் பெயர் பிக் கெர்னல் லாக், சுருக்கமாக பி.கே.எல். ஹாஸ்டல் முழுக்க ஒரே குளியலறை, ஒரே சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் வாளியோடு வரிசையில்!

பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிச் சின்னப் பூட்டுகள் வந்தன. ஆனால் பெரிய பூட்டு லேசில் போகவில்லை. அதன் குணம் அப்படி. சாவி வைத்திருப்பவர் தூங்கினால் சாவி தானாக அடுத்தவருக்குப் போய்விடும், விழித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே சாவி வைத்திருப்பவரே இன்னொரு முறையும் எடுக்கலாம். இதனால் எந்தக் கோடு எதைக் காப்பாற்ற இந்தப் பூட்டை நம்பியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 2008-இல் இங்கோ மோல்நார் இதை ஒழிக்கத் தனி முயற்சி தொடங்கினார். கடைசித் துண்டுகளை ஆர்ண்ட் பெர்க்மன் அகற்ற, 2011 மே மாதம் வெளியான 2.6.39-இல் பூட்டு மறைந்தது. பதினைந்து வருடம்!

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருவதுதான். ஃபங்ஷனை நீக்கினால் வேலை முடிந்ததா? ஆவணங்கள் இருக்கின்றனவே! ஃபைல் சிஸ்டங்களின் பூட்டு விதிகளைச் சொல்லும் ஆவணத்தில் பி.கே.எல் என்றே ஒரு பத்தி இருந்தது. எந்த வேலைக்கு அது தேவை, எதற்குத் தேவையில்லை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அது அப்படியே நின்றிருந்தால் இல்லாத பூட்டை நம்பி யாராவது கோடு எழுதியிருப்பார்கள். கம்பைல் ஆகாத தப்பு பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். "உன்னைக் கூப்பிடும்போதே பூட்டியிருக்கும்" என்ற பழைய வரியை நம்பினால் ஒழுங்காகக் கம்பைல் ஆகி, என்றோ ஒருநாள் தகவலைக் கெடுக்கும். அந்த ஆவணத்தின் தொடக்கத்திலேயே, விதியை மாற்றுகிறவர் இதையும் மாற்றிவிடுங்கள் என்ற கெஞ்சல் உண்டு. பத்தியும் போய்விட்டது.

ஆனால் இன்னொரு ஆவணம் இருக்கிறது. பழைய ஃபைல் சிஸ்டங்களைப் புதிய கெர்னலுக்கு மாற்றுபவர்களுக்கானது. அதில் பி.கே.எல் பற்றிய வரிகளை இன்றும் படிக்கலாம். மறதி அல்ல, அதன் வேலையே அதுதான். எங்கள் பாடத்தில் சொன்னால் முதலாவது பேலன்ஸ் ஷீட், இரண்டாவது ஜர்னல். பேலன்ஸ் ஷீட்டில் இன்றைய நிலை மட்டும்தான் இருக்க வேண்டும். ஜர்னலில் பழைய பதிவை ரப்பர் வைத்து அழித்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். :-)

(எதை, எப்போது, ஏன் நீக்கப்போகிறோம் என்று பட்டியலிட ஒரு ஆவணம் இருந்தது. 2012-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதையே நீக்கிவிட்டார்!)

ஒரு மிச்சம் மட்டும் கோடிலேயே இருக்கிறது. பூட்டோடு ஓடிய 'ஐஆக்டல்'-க்குப் பக்கத்தில், பூட்டில்லாமல் ஓட 'அன்லாக்டு ஐஆக்டல்' என்று 2005-இல் ஒன்றைச் சேர்த்தார்கள். 2010-இல் பழையது போனது. புதியதன் பெயரை யாரும் மாற்றவில்லை. பெரிய பூட்டே இல்லாத ஊரில் இன்னும் 'பூட்டாத' என்ற அடைமொழியோடு திரிகிறது. ரூம்மேட் அதையும் சேர்த்து மாற்றியதும் டிரைவர் கம்பைல் ஆகிவிட்டது. புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் பென்சிலால் "2.6.39-க்கு முன்பு வரை" என்று குறித்து வைத்திருக்கிறான்.