முதற்சுற்றுகளின் வரலாறு

டென்னிஸ் வரலாறு பெரும்பாலும் இறுதியாட்டங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. தமிழக ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து, வெல்பவர் யாரெனக் கணித்துவந்த நமக்கோ தொடக்கச் சுற்றுகளே வரலாறு.

1979 விம்பிள்டனின் இரண்டாம் சுற்றில், தொடர்ந்து மும்முறை வாகை சூடியிருந்த போர்க்குக்கு எதிராக விஜய் அமிர்தராஜ் முதல் மூன்று செட்களில் இரண்டைக் கைப்பற்றினார். ஐந்தாம் செட்டில் தோற்றார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனிலும் அதே இரண்டாம் சுற்று. உலகின் முதல்நிலை வீரரான விலாண்டரை ரமேஷ் கிருஷ்ணன் நேர் செட்களில் வீழ்த்தினார். தரவரிசையை நம்பிக் கணித்தோர் முன்னதில் வென்றனர், பின்னதில் தோற்றனர்.

ஆம்பூர்ப் பகுதியில் பச்சைத்தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்போர் இதனை அறிவர். சில குறைகளும் நிறைகளும் பதனிட்ட பின்னரே புலப்படும். தரவரிசையும் அவ்வாறு முன்கூட்டிச் சொல்லும் தரமே.

2009 சென்னை ஓப்பனில் சிறப்பு அனுமதி பெற்று நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், அங்கு இருமுறை வாகை சூடிய மோயாவை வென்று இறுதிவரை சென்றார். 2018இல் அந்த ஆடவர் போட்டி நுங்கம்பாக்கத்தை விட்டுப் புணேக்குப் பெயர்ந்தது. பெயர் அறியாத இளைஞன் ஒருவனை முதற்சுற்றில் நேரில் கண்டு, ‘இவன் வெல்வான்’ என்று துணிந்து சொல்லும் வாய்ப்பும் அதனோடு போயிற்று.