வலியறிதல்

திருக்குறளின் 48ஆம் அதிகாரத்துக்கு வலியறிதல் என்று பெயர். அங்கே வலி என்றால் பலம். தன் பலம், மாற்றான் பலம், துணைவர் பலம் எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகே அரசன் காரியத்தில் இறங்க வேண்டும். இன்று அதே சொல் நம் காதில் நோவு என்றுதான் முதலில் விழுகிறது. ஒரே சொல் இரண்டையும் சுமப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை. உழைக்கும் உடலின் பலத்தை அளக்க எத்தனையோ கருவிகளை வைத்திருந்த சமூகம், அதன் நோவை அளக்க ஏன் இவ்வளவு தாமதித்தது என்பதே இங்கே கேள்வி.

வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் இருக்கிறது சந்தவாசல். ஆரணிப் பட்டு என்று விற்கப்படும் சேலைகள் இந்த வட்டாரத்துத் தறிகளில் நெய்யப்படுபவை. குழித்தறியில் உட்கார்ந்தவரின் கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அமுக்கும். ஒரு கை நாடாக் கயிற்றைச் சுண்டும், மறு கை அச்சை இழுத்து அடிக்கும். இடுப்பு வளைந்தே இருக்கும். இப்படி நாற்பது, ஐம்பது வருஷம். கொடுத்த பட்டு எவ்வளவு, முடித்த சேலை எத்தனை, கூலி என்ன என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. முழங்காலுக்குக் கணக்கு கிடையாது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், விரல் போனால் இத்தனை சதவீதம், கண் போனால் இத்தனை என்று உடலைக் கூறுபோட்டு விலை சொன்னது. துண்டாகாமல் தேய்ந்து மட்டும் போகிற மூட்டுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. வீட்டிலேயே தறி போட்டவருக்கோ முதலாளி யாரென்று காட்டுவதே பெரும்பாடு.

இப்படி நெய்து முடித்த ஒரு பெரியவரிடம் "வலி இருக்கா தாத்தா?" என்று கேட்டால், "வயசாச்சில்ல, அது கெடக்கு" என்பார். இந்த அடக்கத்தைப் பொறுமை என்று புகழ்வது சுலபம். ஆனால் வயதும் வலியும் ஒன்றே என்ற சமன்பாடு இயற்கையின் விதியல்ல. முதுமையில் வலி அதிகம் என்பது உண்மை. முதுமை என்றாலே வலி என்பது பொய். அந்தப் பொய், உழைப்பு உண்டாக்கிய தேய்மானத்தை வயதின் பேரில் எழுதிவிடுகிறது.

மருத்துவமும் கேட்கக் கற்றுக்கொண்டது மெதுவாகத்தான். நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்த மருத்துவம், எந்த இடத்தில் வலி என்று கேட்கத் தொடங்கிய திருப்பத்தை மிஷெல் ஃபூக்கோ 1963இல் விளக்கினார். இடத்தைக் கேட்டது, எவ்வளவு, எப்படி என்று கேட்கவில்லை. அதற்குள் சந்தவாசலுக்குப் பக்கத்திலேயே வேறொரு கண்டுபிடிப்பு நடந்திருந்தது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் குறைந்துபோவது பெரும்பாலும் வலி தெரியாமல் படும் காயங்களால்தான் என்று காட்டினார். வலி உடலின் காவல்மணி. சரி, ஆனால் இருபது வருஷமாக ஓயாமல் அடிக்கும் மணி எதைக் காக்கிறது?

1975இல் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வினாப்பட்டியல் வலிக்கு 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. நம்மிடம் மட்டும் சொல் பஞ்சமா? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு. குடைச்சல் என்பவரும் எரிச்சல் என்பவரும் ஒரே நோவைச் சொல்வதில்லை. எரிச்சலும் மரமரப்பும் நரம்பைச் சந்தேகிக்க வைக்கும். "பத்துக்கு எத்தனை?" என்ற எண்கேள்வி இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. மறதிநோய் கண்டவரிடம் எண்ணும் வராது. அவர்களுக்காக 2003இல் வந்த பெய்னாட் அளவை மூச்சு, முனகல், முகம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தைப் பார்க்கிறது. பேச முடியாமை வலி இல்லாமைக்குச் சான்றாகாது என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறைக் குறிப்பில் எழுதிக்கொண்டது.

அறிந்த பிறகு ஆற்றுவது? 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், நாடு முழுவதற்குமான மார்ஃபின் உபயோகம் 1997இல் 18 கிலோ அளவுக்குச் சுருங்கியது. புற்றுநோயில் துடித்தவருக்கும் கதவு சாத்தப்பட்டது. 1993இல் கோழிக்கோட்டில் ராஜகோபால் முதலானோர் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது; சட்டம் 2014இல்தான் திருத்தப்பட்டது. மறுபக்கம், மூட்டுவலிக்காரருக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் தாராளம். முதியவர் அதை நாள்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் ரத்தக் கசிவு, சிறுநீரகச் சேதம், ஏறும் ரத்த அழுத்தம். தேவைப்பட்டது பூட்டப்பட்டது, ஆபத்தானது கைக்கெட்டியது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே இயன்முறைப் பயிற்சியையும் வலிதணிப்புச் சிகிச்சையையும் கொண்டுபோகிறது. வாசல்வரை வருபவர் என்ன கேட்க வேண்டும்? வலி எத்தனை என்று கேட்டால் தாத்தா சிரித்துவிடுவார். குழியில எறங்க முடியுதா, ராத்திரி தூங்குறீங்களா, கக்கூசுல உக்காந்து எழுந்திரிக்க முடியுதா, கோயிலுக்கு நடந்து போறீங்களா என்று கேட்கட்டும். "முந்தி மாதிரி எறங்க முடியல" என்ற பதிலில் பலத்தின் அளவும் நோவின் அளவும் ஒன்றாக வந்துவிடும். அடுத்த மாதம் அதே கேள்வியைக் கேட்டால் சிகிச்சை பலித்ததா என்பதும் தெரியும்.

வலியறிதல் அரசனுக்குச் சொன்ன பாடம். அவன் தன் துணைவரின் பலத்தைத் தெரிந்துகொண்டான். அந்தப் பலம் எதனால் ஆனது, தீர்ந்த பிறகு என்னவாயிற்று என்று கேட்பது பாடத்தின் மறுபாதி. அதை நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை.